மாலிப் பாலைவனத்தில் சண்டை: துவாக்குடிக்கு என்ன கவலை?

2025 நவம்பர் 6-ம் தேதி மேற்கு ஆப்பிரிக்க நாடான மாலியில், கோப்ரி என்ற ஊருக்கு அருகே, மின்மயமாக்கல் திட்டத்தில் வேலை பார்த்த ஐந்து இந்தியர்களைத் துப்பாக்கி ஏந்திய கும்பல் கடத்திச் சென்றது. ஐந்து பேரும் தமிழர்கள். தமிழகத்தின் தென்மாவட்டங்களில் இருந்து பிழைப்புக்காகப் போனவர்கள். அதற்கு ஒன்பது நாள் முன்பு, அக்டோபர் 28-ம் தேதி, மாலியில் உள்ள அமெரிக்கத் தூதரகம் தன் நாட்டு மக்களிடம் ‘கிடைக்கிற விமானத்தைப் பிடித்து உடனே கிளம்புங்கள்’ என்று சொல்லியிருந்தது. மின்கோபுர வேலையில் இருந்த நம் ஆட்கள் அப்போதும் அங்கேதான் இருந்தார்கள்.

செய்தி வந்த அன்று தொலைக்காட்சியில் ஓடியது. மறுநாள் வேறு செய்தி வந்தது. ‘எங்கேயோ பாலைவனத்துல ராணுவத்துக்கும் தீவிரவாதிக்கும் சண்டை, நமக்கென்ன’ என்று நகர்ந்துவிடுவது எளிது. ஆனால் திருச்சி போன்ற ஊர் அப்படி நகர முடியாது. வெல்டர், ஃபிட்டர், ரிக்கர், எலக்ட்ரீஷியன் என்று கைத்தொழில் தெரிந்தவர்களை உலகத்துக்கு அனுப்புகிற ஊர் இது. அந்தச் சண்டை என்ன, அது எப்படி நம் வீட்டுப் பிள்ளையின் வேலையிடம் வரை வந்தது, நம் சட்டம் அவனுக்கு எந்த அளவுக்குத் துணை நிற்கிறது என்று பார்ப்போம்.

எங்கே இருக்கிறது மாலி?

ஆப்பிரிக்காவின் வரைபடத்தில் சஹாரா பாலைவனத்துக்குத் தெற்கே, மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் வறண்ட பட்டைக்கு ‘சாஹேல்’ என்று பெயர். மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர் மூன்றும் இந்தப் பட்டையில் அடுத்தடுத்து இருக்கின்றன. மாலியின் பரப்பளவு ஏறக்குறைய 12.4 லட்சம் சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப் போல் ஒன்பது மடங்குக்கும் மேல். மக்கள்தொகையோ தமிழ்நாட்டைவிட மிகக் குறைவு, சுமார் இரண்டு கோடிக்குச் சற்று மேல். அதிலும் பெரும்பகுதி தெற்கே, தலைநகர் பமாக்கோவைச் சுற்றியும் நைஜர் ஆற்றின் கரையிலும் வாழ்கிறது. வடக்கே பாதி நாடு மணலும் பாறையும்தான்.

அந்த வடக்குப் பகுதியில் அல்ஜீரியாவுடனான எல்லை மட்டும் 1,300 கிலோமீட்டருக்கு மேல். முள்வேலி கிடையாது, சாலையும் சரியாகக் கிடையாது. தலைமுறை தலைமுறையாக ஒட்டகத்தோடும் இப்போது பிக்கப் வண்டியோடும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வருகிற துவாரெக் மக்களுக்கு அந்தக் கோடு காகிதத்தில்தான் இருக்கிறது.

சண்டை எப்படித் தொடங்கியது?

2011-ல் லிபியாவில் கடாஃபி ஆட்சி வீழ்ந்தது. அவருடைய படையில் இருந்த துவாரெக் வீரர்கள் பலர் ஆயுதங்களோடு மாலிக்குத் திரும்பினார்கள். 2012 ஜனவரியில் வடக்கைத் தனிநாடாக்கக் கேட்டுக் கிளர்ச்சி வெடித்தது. மார்ச்சில் பமாக்கோவில் ராணுவமே ஆட்சியைக் கவிழ்த்தது. அந்தக் குழப்பத்தில் கிடால், காவோ, திம்புக்து ஆகிய மூன்று வடக்கு நகரங்களும் கைவிட்டுப் போயின. தனிநாடு கேட்டவர்களை ஓரங்கட்டிவிட்டு, அல்காய்தாவோடு தொடர்புடைய ஜிகாதி குழுக்கள் அந்த நகரங்களைப் பிடித்துக்கொண்டன.

2013 ஜனவரியில் பிரான்ஸ் படையெடுத்து வந்து நகரங்களை மீட்டது. ஐ.நா. அமைதிப்படையும் அதே ஆண்டு வந்தது. ஜிகாதிகள் அழிந்துவிடவில்லை, கிராமங்களுக்கும் மலைகளுக்கும் பரவினார்கள். 2017 மார்ச்சில் நான்கு குழுக்கள் ஒன்றுசேர்ந்து ஜே.என்.ஐ.எம். என்ற அல்காய்தா கூட்டமைப்பை அமைத்தன. அதன் தலைவர் இயாத் அக் காலி, ஒரு காலத்தில் துவாரெக் கிளர்ச்சித் தலைவர். பிறகு மாலி அரசின் சார்பில் சவூதியில் தூதரகப் பணியிலும் இருந்தவர். இதற்குப் போட்டியாக ஐ.எஸ். அமைப்பின் சாஹேல் பிரிவும் மூன்று நாடுகள் சந்திக்கும் எல்லைப் பகுதியில் வேரூன்றியது. 2019 டிசம்பரில் நைஜரின் இனாத்தேஸ் முகாமில் ஒரே தாக்குதலில் 71 ராணுவ வீரர்களை அது கொன்றது.

2020-லும் 2021-லும் மாலியில் மறுபடியும் ராணுவப் புரட்சிகள் நடந்தன. கர்னல் அசிமி கோய்த்தா ஆட்சிக்கு வந்தார். பிரெஞ்சுப் படை 2022 ஆகஸ்டில் வெளியேறியது. ஐ.நா. படையும் 2023 இறுதியில் மூட்டை கட்டியது. அந்த இடத்துக்கு ரஷ்யாவின் வாக்னர் கூலிப்படை வந்தது. புர்கினா ஃபாசோவிலும் நைஜரிலும் இதே வரிசையில் ராணுவ ஆட்சிகள் வந்தன. மூன்று நாடுகளும் சேர்ந்து 2023 செப்டம்பரில் தங்களுக்குள் ஒரு பாதுகாப்புக் கூட்டணி அமைத்துக்கொண்டன.

எல்லையில் நடந்தது என்ன?

2023 நவம்பரில் மாலி ராணுவமும் வாக்னரும் கிடால் நகரை மீட்டன. பமாக்கோவில் கொண்டாட்டம். அடுத்த இலக்கு அல்ஜீரிய எல்லையில் இருக்கும் தின்சவாத்தேன். 2024 ஜூலை இறுதியில் ஒரு வாகன அணி அங்கே கிளம்பிப் போனது. 25-ம் தேதி துவாரெக் கிளர்ச்சியாளர்களோடு மோதல் தொடங்கியது. நடுவே மணல் புயல். பின்வாங்கிய அணியை 27-ம் தேதி ஜே.என்.ஐ.எம். மறைந்திருந்து தாக்கியது. மாலி ராணுவம் பெரிய இழப்பை ஒப்புக்கொண்டது. வாக்னரும் தன் தளபதி ஒருவர் உட்படப் பலர் இறந்ததை ஒப்புக்கொண்டது. எத்தனை பேர் என்பதில் ஒவ்வொரு தரப்பும் ஒரு கணக்குச் சொல்கிறது. ஆனால் ஆப்பிரிக்காவில் வாக்னர் சந்தித்த மிக மோசமான அடிகளில் இது ஒன்று என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. 2025 ஜூனில் வாக்னர் மாலியை விட்டுக் கிளம்பியது. ரஷ்ய அரசின் நேரடிக் கட்டுப்பாட்டில் உள்ள ‘ஆப்பிரிக்கா கோர்’ படை அந்த இடத்தை எடுத்துக்கொண்டது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். விமானமும் கவச வண்டியும் ராணுவத்திடம்தான் இருந்தன. நகரத்தைப் பிடிக்க அவை போதும். ஆனால் நகரத்திலிருந்து அடுத்த நகரத்துக்குப் போகும் பாதை யார் கையில் இருக்கிறது என்பதுதான் இந்தப் போரின் கேள்வி.

ஸ்ரீரங்கத்தில் நடந்த கதைதான்

இதைப் புரிந்துகொள்ள நாம் ஆப்பிரிக்கா வரை போகவேண்டியதில்லை. கொள்ளிடம் பாலம் வரை போனால் போதும். 1752-ல் சந்தா சாகிப்பும் அவருக்குத் துணையாக வந்த பிரெஞ்சுப் படையும் திருச்சிக் கோட்டையை முற்றுகையிட்டிருந்தார்கள். உள்ளே முகமது அலி. அவருக்கு உதவியாக லாரன்ஸும் கிளைவும் ஆங்கிலப் படையோடு வந்து சேர்ந்தபோது, பிரெஞ்சுத் தளபதி ஜாக் லா, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் ஸ்ரீரங்கம் தீவுக்குப் பின்வாங்கினார். இரண்டு பக்கமும் ஆறு, பெரிய கோயில் மதில்கள், பாதுகாப்பான இடம் என்று கணக்குப் போட்டார்.

ஆங்கிலேயர்கள் மதிலை இடிக்க மெனக்கெடவில்லை. கிளைவ் கொள்ளிடத்தைக் கடந்து சமயபுரத்தில் உட்கார்ந்தார். பாண்டிச்சேரியிலிருந்து வரும் வழி அடைபட்டது. லால்குடியில் இருந்த தானியக் கிடங்கு கைப்பற்றப்பட்டது. கிழக்கே கோவிலடியும் போனது. தீவுக்குள் இருந்தவர்களுக்குச் சோறும் வரவில்லை, துணைப்படையும் வரவில்லை. ஜூன் மாதம் லா சரணடைந்தார்.

மாலியில் ஜே.என்.ஐ.எம். 2025 செப்டம்பரில் செய்ததும் இதே கணக்குதான். மாலிக்குக் கடல் கிடையாது. பெட்ரோலும் டீசலும் செனகல், ஐவரி கோஸ்ட் துறைமுகங்களிலிருந்து டேங்கர் லாரியில்தான் வரவேண்டும். ‘இனி எரிபொருள் வராது’ என்று ஜிகாதிகள் அறிவித்து, வந்த லாரிகளைக் கொளுத்தினார்கள். பமாக்கோவில் பங்க்குகள் காலியாயின. அக்டோபர் கடைசியில் நாடு முழுவதும் பள்ளி, கல்லூரிகளை இரண்டு வாரம் மூடவேண்டி வந்தது. தலைநகரைப் பிடிக்காமலேயே அதன் கழுத்தைப் பிடித்துவிட்டார்கள்.

போர் இப்படிச் சாலைக்கு இறங்கிவிட்டால், சாலையோரம் வேலை செய்பவர்கள்தான் முதலில் மாட்டுவார்கள். மின்கோபுரம் கட்டுகிறவர்கள் சாலையோரத்திலும் காட்டுவழியிலும் வேலை செய்கிறவர்கள்.

இது மதச் சண்டையா?

வாட்ஸ்அப்பில் இந்தச் செய்தி வந்தால் கூடவே ஒரு மதச் சாயமும் வந்துவிடும். அதனால் இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மாலி மக்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். ஜிகாதிகளால் கொல்லப்படுகிறவர்களும் பெரும்பாலும் முஸ்லிம்களே. 2012-ல் திம்புக்துவைப் பிடித்ததும் அவர்கள் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனது எங்கே? நூற்றாண்டுகளாக அந்த ஊர் மக்கள் வணங்கிவந்த சூஃபி ஞானிகளின் அடக்கத்தலங்களுக்கு. உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட 16 அடக்கத்தலங்களில் 14 இடிக்கப்பட்டன. அதற்குத் தலைமை தாங்கிய அகமது அல்-மஹ்தி என்பவருக்கு, சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2016-ல் ஒன்பது ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது.

திருச்சிக்காரருக்கு இதன் வலியைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. நத்தர்வலி தர்காவில் எல்லா மதத்தவரும் வந்து நிற்கிறார்கள். ஸ்ரீரங்கத்தில் துலுக்க நாச்சியாருக்குச் சன்னதி இருக்கிறது. அப்படி ஒரு ஊருக்குள் யாரோ வந்து, ‘நீங்கள் கும்பிடுவது தப்பு’ என்று தர்காவை இடித்தால் எப்படி இருக்கும்? திம்புக்து மக்களுக்கு நடந்தது அதுதான்.

பிறகு ஏன் ஆள் சேருகிறது? ஒரு காரணம் வறுமையும் மேய்ச்சல் நிலத் தகராறும். இன்னொரு காரணம் ராணுவமே. 2022 மார்ச்சில் மூரா என்ற கிராமத்தில் மாலி ராணுவமும் வெளிநாட்டுப் படையினரும் சேர்ந்து குறைந்தது 500 பேரைக் கொன்றதாக ஐ.நா. மனித உரிமை அலுவலக அறிக்கை சொல்கிறது. அதை மாலி அரசு மறுக்கிறது. ஆனால் சந்தேகத்தின் பேரில் ஊரையே சுட்டால், மிஞ்சியிருக்கிற இளைஞன் எந்தப் பக்கம் போவான் என்பதைச் சொல்ல நிபுணர் தேவையில்லை. 2024-ல் உலகம் முழுவதும் பயங்கரவாதத்தால் இறந்தவர்களில் பாதிக்கும் மேல் சாஹேல் பகுதியில்தான் என்கிறது உலகப் பயங்கரவாதக் குறியீடு.

நம்மவர்கள் எப்படிச் சிக்குகிறார்கள்?

2025-ம் ஆண்டை மட்டும் வரிசையாகப் பாருங்கள்.

ஏப்ரல் 25: நைஜரின் தில்லபெரி பகுதியில், மின்பாதை வேலையில் இருந்த ஐந்து இந்தியர்கள் கடத்தப்பட்டார்கள். ஜார்க்கண்ட் மாநிலத் தொழிலாளர்கள். அந்தத் தாக்குதலில் நைஜர் வீரர்கள் சுமார் 12 பேர் கொல்லப்பட்டார்கள்.

ஜூலை 1: மாலியின் கயேஸ் பகுதியில் ஒரு சிமென்ட் ஆலையிலிருந்து மூன்று இந்தியர்கள் கடத்தப்பட்டார்கள். அதே நாளில் மேற்கு மாலியில் பல ராணுவ நிலைகள் ஒரே நேரத்தில் தாக்கப்பட்டன.

ஜூலை 15: நைஜரின் தோஸ்ஸோ பகுதியில் இரண்டு இந்தியர்கள் கொல்லப்பட்டார்கள், ஒருவர் கடத்தப்பட்டார். மின்பாதை கட்டும் இடத்தில் காவலுக்கு நின்ற ராணுவப் பிரிவைக் குறிவைத்து நடந்த தாக்குதல் அது.

நவம்பர் 6: கோப்ரியில் ஐந்து தமிழர்கள்.

ஆண்டு முழுக்க ஒரே மாதிரிதான் நடந்திருக்கிறது. மூன்று சம்பவங்கள் மின்சார வேலையிடத்தில். இரண்டில் காவலுக்கு நின்ற ராணுவ வீரர்களே தாக்கப்பட்டார்கள். ‘மிலிட்டரி பாதுகாப்பு இருக்கு, பயப்படாதீங்க’ என்று ஏஜென்ட் சொல்கிறாரே, அந்தப் பாதுகாப்புதான் சில சமயம் தாக்குதலை இழுத்துவருகிறது. ஜிகாதிக்கு ராணுவம் எதிரி. ராணுவம் நிற்கிற இடம் போர்க்களம்.

இன்னொரு பக்கம், வெளிநாட்டுப் பிணைக்கைதி என்றால் பணம். 2025 அக்டோபரில் ஐக்கிய அரபு அமீரகத்தைச் சேர்ந்தவர்களை விடுவிக்கச் சுமார் 5 கோடி டாலர் கைமாறியதாகச் செய்தி நிறுவனங்கள் எழுதின. அதன் பிறகு அந்த வட்டாரத்தில் ஒவ்வொரு வெளிநாட்டவனின் தலைக்கும் ஒரு விலை ஒட்டியாகிவிட்டது. நம் ஆள் மாதச் சம்பளக்காரன் என்பது கடத்துகிறவனுக்குத் தெரியாது, தெரிந்தாலும் அவன் கம்பெனியைத்தான் பார்ப்பான்.

திருச்சியில் இருந்து ஏன் போகிறார்கள்?

பெல் தொழிற்சாலை 1960-களில் திருவெறும்பூரில் வந்ததிலிருந்து, இந்த வட்டாரத்தில் இரும்பும் வெல்டிங்கும் ஒரு குலத்தொழில் மாதிரி ஆகிவிட்டது. துவாக்குடியைச் சுற்றி நூற்றுக்கணக்கான ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் பெல்லை நம்பி எழுந்தன. அனல்மின் நிலைய ஆர்டர்கள் குறைந்தபோது பட்டறைகள் முடங்கின. வெல்டிங் ராடு பிடித்த கை சும்மா இருக்குமா? சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று கிளம்பினார்கள். திருச்சி விமான நிலையத்துக்கு 2024 ஜனவரியில் பெரிய புதிய முனையம் திறக்கப்பட்டதன் பின்னால் இந்தப் பயணிகளின் கூட்டமும் இருக்கிறது.

வளைகுடாவில் போட்டி கூடிவிட்டது. அங்கே பங்களாதேஷ், நேபாள ஆட்கள் குறைந்த கூலிக்கு வருகிறார்கள். அதனால் ஏஜென்ட்டின் பட்டியலில் ஆப்பிரிக்கா வருகிறது. அங்கே மின்பாதை கட்டுவதில் இந்திய நிறுவனங்கள் நல்ல பெயர் வாங்கியிருக்கின்றன. மாலியில் இந்திய எக்ஸிம் வங்கியின் கடனுதவியில் மின்பாதைத் திட்டம் நடந்திருக்கிறது. நைஜீரியாவிலிருந்து நைஜர், பெனின், புர்கினா ஃபாசோ வரை 330 கிலோவோல்ட் மின்பாதை போடும் பெரிய திட்டமும் இருக்கிறது. கரண்ட் இல்லாத ஊருக்குக் கரண்ட் கொண்டுபோகிற நல்ல வேலைதான். டவர் ஏற்றவும் கம்பி இழுக்கவும் தெரிந்த ஆளுக்கு அங்கே கிராக்கி. ஊரில் கிடைப்பதைவிடச் சம்பளம் கூடுதல், சாப்பாடும் தங்குமிடமும் கேம்ப்பில். ‘தம்பிக்கு வெளிநாட்டு வேலை’ என்று வீட்டில் சந்தோஷப்படுகிறார்கள். அதில் தப்பே இல்லை.

சட்டம் எங்கே நின்றுபோனது?

வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களைப் பாதுகாக்க நம்மிடம் 1983-ம் ஆண்டு குடியேற்றச் சட்டம் இருக்கிறது. அதன்படி பத்தாம் வகுப்பு தேறாதவர்கள், குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதென்றால் குடியேறுவோர் பாதுகாவலரிடம் அனுமதி வாங்க வேண்டும். அவர் ஒப்பந்தத்தைப் பார்ப்பார். 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு கட்டாயம். இ-மைக்ரேட் தளத்தில் பதிவாகும். ஏஜென்ட்டும் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும், 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் தவிர அவர் கட்டணமாக வாங்கக் கூடாது.

அந்த 18 நாடுகள் எவை? சவூதி, அமீரகம், குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன், இராக், மலேசியா போன்றவை. ஆப்பிரிக்காவில் லிபியா, சூடான், தெற்கு சூடான் மட்டும். மாலி இல்லை, நைஜர் இல்லை, புர்கினா ஃபாசோவும் இல்லை. துபாய்க்கு வீட்டு வேலைக்குப் போகிற அக்காவுக்குச் சட்டம் கொடுக்கிற கவசம், போர் நடக்கிற மாலிக்கு டவர் வேலைக்குப் போகிற தம்பிக்குக் கிடையாது.

இரண்டாவது ஓட்டை, படிப்பு. ஐ.டி.ஐ. முடித்த வெல்டர் பத்தாம் வகுப்பும் தேறியவர் என்று வைத்துக்கொள்வோம். அவர் பாஸ்போர்ட்டுக்கு இந்த அனுமதியே தேவையில்லை. படித்தவன் தன்னைப் பார்த்துக்கொள்வான் என்பது 1983-ன் எண்ணம். படித்த வெல்டரைத் துப்பாக்கி விட்டுவிடுமா? 2018 நவம்பரில் மத்திய அரசு, அனுமதி தேவைப்படாதவர்களும் அந்த 18 நாடுகளுக்குப் போகும்முன் பதிவு செய்ய வேண்டும் என்று அறிவித்தது. எதிர்ப்பு வந்ததும் அதே மாதத்தில் நிறுத்திவைத்தது. அப்போதும் மாலி அந்தப் பட்டியலில் இல்லை என்பது வேறு விஷயம்.

ஆக, ஒருவர் திருச்சியிலிருந்து மும்பை போய், அடிஸ் அபாபா வழியாக பமாக்கோ இறங்கி, அங்கிருந்து பல மணி நேரம் வண்டியில் போய் ஒரு கேம்ப்பில் சேர்ந்தால், அவர் அங்கே இருப்பது அரசுக்குத் தெரிய வேண்டிய கட்டாயம் எதுவும் சட்டத்தில் இல்லை. கடத்தப்பட்ட பிறகுதான் கணக்கெடுப்பு தொடங்குகிறது.

தடை போட்டால் தீருமா?

‘அந்த நாட்டுக்கு யாரும் போகக்கூடாதுன்னு சட்டம் போட்டுடலாமே’ என்று கேட்கலாம். இராக்கில் அதையும் பார்த்துவிட்டோம். 2014 ஜூனில் மொசூலில் ஐ.எஸ். அமைப்பு கடத்திய 39 இந்தியத் தொழிலாளர்கள் இறந்துவிட்டார்கள் என்பது 2018 மார்ச்சில்தான் உறுதியானது. நான்கு வருடம் அந்தக் குடும்பங்கள் நம்பிக்கையோடு காத்திருந்தன. இராக் அந்த 18 நாடுகளின் பட்டியலில் இருக்கிற நாடுதான். பட்டியலில் பெயர் இருப்பது மட்டும் உயிரைக் காப்பாற்றாது. முழுத் தடையோ ஆட்களை விசிட் விசாவிலும் மூன்றாவது நாடு வழியாகவும் போகவைக்கும். அப்போது அவர்கள் இன்னும் இருட்டுக்குள் போய்விடுவார்கள்.

தொடர்ந்து முயன்றால் ஆட்களை மீட்க முடியும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. சிவகங்கை மாவட்டத்தைச் சேர்ந்த இயேசு சபைப் பாதிரியார் அலெக்சிஸ் பிரேம்குமார், 2014 ஜூனில் ஆப்கானிஸ்தானின் ஹெராத்தில் கடத்தப்பட்டார். எட்டு மாதங்களுக்கு மேல் கழித்து, 2015 பிப்ரவரியில் உயிரோடு திரும்பினார். அவர் எங்கே, என்ன வேலையில் இருந்தார், யாரிடம் பேச வேண்டும் என்பது முதல் நாளிலிருந்தே தெரிந்திருந்தது. மாலியின் கேம்ப்பில் இருக்கும் ரிக்கருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை.

என்ன செய்ய வேண்டும்?

1983 சட்டத்துக்குப் பதிலாகப் புதிய வெளிநாட்டுப் பணிப் பெயர்வுச் சட்டத்துக்கான வரைவை வெளியுறவு அமைச்சகம் 2025 அக்டோபரில் மக்கள் கருத்துக்கு வைத்தது. அதில் நான்கு விஷயங்கள் தெளிவாக இடம்பெற வேண்டும் என்பது நம் நிலைப்பாடு.

முதலாவது, பாதுகாப்பு என்பது படிப்பையும் பழைய நாட்டுப் பட்டியலையும் வைத்து இருக்கக் கூடாது. ஆபத்தை வைத்து இருக்க வேண்டும். நாடு முழுவதையும் ஒரே நிறத்தில் பூசாமல், எந்தப் பகுதி ஆபத்து என்று பகுதிவாரியாக ஒரு பட்டியல் போட்டு, அதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருத்த வேண்டும். பமாக்கோ நகரத்து அலுவலகமும் கயேஸ் காட்டுவழியும் ஒன்றல்ல.

இரண்டாவது, பொறுப்பு கம்பெனியின் தலையில் விழ வேண்டும். ஒரு வேலையிடத்துக்கு ராணுவக் காவல் தேவைப்படுகிறது என்றால், அது போர்ப்பகுதி என்று நிறுவனமே ஒப்புக்கொண்டதாக அர்த்தம். அங்கே அனுப்பும் ஒவ்வொருவரையும் தூதரகத்தில் பதிவு செய்யவும், கடத்தலையும் உள்ளடக்கிய காப்பீடு எடுக்கவும், வெளியேற்றும் திட்டம் வைத்திருக்கவும் நிறுவனம் கட்டாயப்படுத்தப்பட வேண்டும். பணியாளர் கடத்தப்பட்டால், அவர் திரும்பும் வரை சம்பளம் வீட்டுக்கு வந்துகொண்டே இருக்க வேண்டும். ஆள் காட்டுக்குள் இருக்கும்போதும் இங்கே கந்துவட்டி ஓடிக்கொண்டுதானே இருக்கிறது.

மூன்றாவது, இந்திய அரசின் கடனுதவியில் நடக்கும் திட்டங்களில் இந்த நிபந்தனைகளைப் போட அரசுக்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. கடன் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம். சட்டம் வரும் வரை காத்திருக்கவும் வேண்டாம்.

நான்காவது, ஜன்னல் ஊருக்குள் வர வேண்டும். தமிழ்நாட்டுக்கான குடியேறுவோர் பாதுகாவலர் அலுவலகம் சென்னையில் இருக்கிறது. திருச்சியில் மண்டல பாஸ்போர்ட் அலுவலகம் இருக்கிறது. அங்கேயே ஒரு மேசை போட்டு ஒப்பந்தத்தைச் சரிபார்த்துச் சொல்லலாம். திருவெறும்பூர் ஐ.டி.ஐ.யில் கடைசி ஆண்டு மாணவர்களுக்கு ஒரு நாள் வகுப்பு எடுக்கலாம். மாநில அரசின் அயலகத் தமிழர் நல வாரியத்தில் பதிவு செய்தால் அடையாள அட்டையும் காப்பீடும் கிடைக்கும் என்பது துவாக்குடிப் பட்டறைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்தச் செய்தி ஏஜென்ட்டின் துண்டுச்சீட்டுக்கு முன்னால் அங்கே போய்ச் சேர வேண்டும்.

வீட்டில் கேட்க வேண்டிய கேள்விகள்

சட்டம் மாற நாளாகும். ஆனால் இந்த மாதமே யாராவது ஒருவர் கிளம்பக்கூடும். அவருடைய வீட்டுக்காரர்கள் ஏஜென்ட்டிடம் இவ்வளவையாவது கேட்க வேண்டும்.

நாட்டின் பெயர் மட்டும் போதாது. எந்த ஊர், தலைநகரிலிருந்து எத்தனை கிலோமீட்டர்? வேலையிடத்துக்குப் போகும் சாலையில் ராணுவக் காவல் இருக்குமா? விசா வேலை விசாவா, விசிட் விசாவா? ஏஜென்ட்டின் பதிவு எண் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறதா? காப்பீட்டுப் பத்திரத்தின் நகல் வீட்டில் இருக்கிறதா, அதில் போர்ப்பகுதி என்றால் பணம் கிடையாது என்று சிறிய எழுத்தில் ஏதாவது இருக்கிறதா? நிலைமை மோசமானால் திரும்பிவர டிக்கெட் யார் எடுப்பார்? பாஸ்போர்ட்டைக் கம்பெனி வாங்கி வைத்துக்கொள்ளுமா?

போனவர் இறங்கிய அன்றே இந்தியத் தூதரகத்தில் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். பமாக்கோவிலும் நியாமேயிலும் நம் தூதரகங்கள் இருக்கின்றன. பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் மூன்றின் நகலும் வீட்டில் ஒரு கோப்பில் இருக்க வேண்டும். ஏதாவது நடந்துவிட்டால், திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தின் குறைதீர்க்கும் நாளில் மனுவோடு நிற்கும்போது அந்தக் கோப்புதான் முதல் ஆதாரம். அது இல்லாமல் ‘ஆப்பிரிக்காவுக்குப் போனான்’ என்று மட்டும் சொல்கிற குடும்பத்துக்கு எந்த அதிகாரியும் உடனே உதவ முடியாது.

மாலியின் போர் சீக்கிரம் முடிவதற்கான அறிகுறிகள் இல்லை. ராணுவத்தால் பாலைவனத்தை முழுதாகப் பிடிக்க முடியவில்லை, ஜிகாதிகளால் தலைநகரை எளிதில் பிடிக்க முடியவில்லை. இந்த இழுபறியில் இரண்டு பக்கமும் சாலையைத்தான் குறிவைக்கும். மின்கோபுரங்கள் அந்தச் சாலையோரமாகவே போகும். அவற்றில் ஏறி வேலை செய்ய ஆள் தேடி ஏஜென்ட்டுகள் துவாக்குடிக்கும் அரியமங்கலத்துக்கும் வருவார்கள். வேலைக்குப் போகிற உரிமையை யாரும் பறிக்க வேண்டாம். ஆனால் அவன் எங்கே போகிறான் என்று அவன் அரசுக்குத் தெரிந்திருக்க வேண்டும், திரும்பிவரும் வழியை அனுப்புகிறவன் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். புதிய சட்டத்தை எழுதுகிறவர்கள் அந்த 18 நாடுகளின் பட்டியலை முதலில் மேசையிலிருந்து எடுத்து ஓரமாக வைக்கட்டும்.